நீலத் தொப்பி போட்டால் நிரந்தர நாற்காலி கிடைக்குமா?

தம்பி கேட்டது இது: ஐ.நா. அமைதிப்படைக்கு இந்தியா இதுவரை 2 லட்சத்து 90 ஆயிரம் பேருக்கு மேல் அனுப்பியிருக்கிறது, இந்த விஷயத்தில் சீனா நேற்று வந்த ஆள், அப்படியிருந்தும் சீனா பாதுகாப்பு மன்றத்தில் வீட்டோவோடு (ஒற்றை ஓட்டால் தீர்மானத்தைத் தடுக்கிற உரிமை) உட்கார்ந்திருக்கிறது, இந்தியா இன்னும் வாசலிலேயே நிற்கிறது, ஏன்? இனிமேலாவது உள்ளே விடுவார்களா? கூடவே ஒரு வால்: மலேசியாவும்தான் ஆள் அனுப்புகிறது, நமக்கு இதில் என்ன வந்தது?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். படை அனுப்புகிற நாடுகள் வேறு, படை எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்கிற நாடுகள் வேறு. முதல் வரிசையில் எத்தனை வருடம் உழைத்தாலும் இரண்டாவது வரிசைக்கு ஏற்றிவிட மாட்டார்கள், அப்படி ஒரு பதவி உயர்வு முறையே அங்கே கிடையாது. உழைப்பால் இந்தியாவுக்குக் கிடைத்தது நிறைய இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். நாற்காலி அந்தப் பட்டியலில் இல்லை.

நான் யார் என்று கேட்பீர்கள். பட்டர்வொர்த்துக்காரன், மலேசியத் தரைப்படையில் தளவாடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன், தென் லெபனானில் ஐ.நா. அமைதிப்படையின் நீலத் தொப்பி போட்டுப் பணி செய்தவன். துப்பாக்கியை விட அதிகமாகக் கணக்குப் புத்தகத்தைத்தான் தூக்கினேன், அதனால் நான் சொல்வதும் கணக்குப் பார்க்கிறவன் பார்வையாகத்தான் இருக்கும்.

தென் லெபனானில் எங்கள் முகாம் மரக்கா என்ற ஊரில். அது மேற்குப் பகுதி, அங்கே இத்தாலிக்காரர்கள் தலைமை. கிழக்கே மலைப்பக்கம் இந்தியப் பட்டாளம், அந்தப் பகுதிக்கு ஸ்பெயின்காரர்கள் தலைமை. மொத்தப் படைக்கும் தளபதி யார்? 2001 முதல் 2004 வரை ஓர் இந்திய மேஜர் ஜெனரல், லலித் மோகன் திவாரி, தளபதியாக இருந்தார். அவருக்குப் பிறகு வந்தவர்களை வரிசையாகப் பாருங்கள்: பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், மறுபடி இத்தாலி, அயர்லாந்து, மறுபடி இத்தாலி, ஸ்பெயின், இத்தாலி. ஆள் கணக்கில் பல வருடம் முதலிடத்திலோ அதற்குப் பக்கத்திலோ நின்றது இந்தோனேசியா. இந்தியா 1998இலிருந்து அங்கே இருக்கிறது. 2006இல் இஸ்ரேலுக்கும் ஹிஸ்புல்லாவுக்கும் நடந்த போருக்குப் பிறகு ஐரோப்பியர்கள் பெருவாரியாக ஆளும் கப்பலும் கொண்டு வந்தார்கள், தலைமையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். இதில் சதி எதுவும் இல்லை. நியூயார்க்கில் பேச்சு எடுபடுகிறவர்கள் களத்துக்கு வந்தால் தலைமையும் அவர்களோடு வந்துவிடும், அவ்வளவுதான்.

இந்தியப் பட்டாளத்துக்கு அங்கே ஒரு தனிப் பெயர் உண்டு, அது ஆட்டு வைத்தியத்தால் வந்தது. கால்நடை மருத்துவரைக் கூடவே கொண்டு வந்திருந்தார்கள். அந்த மலைக் கிராமங்களில் ஆடு மாடுதான் சொத்து, ஊசி போட, பிரசவம் பார்க்க, குடற்புழு மருந்து கொடுக்க ஆள் இல்லாத இடம். ரோந்து வண்டி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற கிழவர் கூட மருத்துவர் வந்தால் ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார் என்று சொல்வார்கள். இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். அந்தக் கிழவர் தகவல் சொல்ல ஆரம்பித்துவிட்டால் ராத்திரி ரோந்துக்குப் பாதி ஆபத்து குறைந்துவிடும். ஆனால் பாதுகாப்பு மன்றத்தில் நாற்காலிக்கு யார் என்று ஓட்டுப் போடும்போது இந்த ஆட்டுக்கணக்கை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

இனி பணம். இதைப் பலர் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். ஐ.நா.விடம் சொந்தப் படை கிடையாது. நாடுகள் ஆளையும் வண்டியையும் கொண்டு வரும், ஐ.நா. அதற்கு அரசாங்கத்திடம் பணம் கொடுக்கும். ஒரு வீரருக்கு மாதம் 1,400 அமெரிக்க டாலருக்குச் சற்று மேல். வீரன் கைக்கு எவ்வளவு போகிறது என்பது அந்தந்த நாட்டின் பாடு. வண்டி, ஜெனரேட்டர், கூடாரம், சமையல், சலவை, பல் வைத்தியம் எல்லாவற்றுக்கும் தனித்தனி விலைப்பட்டியல் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஐ.நா. பரிசோதகர்கள் வருவார்கள், கையில் பட்டியல், ஒவ்வொரு வண்டியாகச் சாவி போட்டு ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். ஓடாத வண்டிகள் ஒரு எல்லையைத் தாண்டினால் அந்த வகைக்குப் பணத்தில் வெட்டு விழும். வாரம் முழுக்க ஒழுங்காக ஓடின ஜெனரேட்டர், பரிசோதகர் முன்னால் மட்டும் இருமிவிட்டு நின்றுவிடும், மெக்கானிக் பையன் முகத்தில் ஈயாடாது. இந்தக் கூத்தை எல்லா நாட்டு முகாமிலும் பார்க்கலாம். நேபாளம், பங்களாதேஷ், ருவாண்டா போன்ற நாடுகளுக்கு இந்த வருமானம் பெரிய விஷயம். இந்தியாவின் ராணுவச் செலவுக்கு முன்னால் இது கொசுறு, அதிலும் பணம் மாதக்கணக்கில் தாமதமாகித்தான் வரும். அதனால் "இந்தியா காசுக்காக அனுப்புகிறது" என்று சொல்கிறவர்கள் கணக்குத் தெரியாமல் பேசுகிறார்கள்.

அந்தப் பணத்தை யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும். அமைதிப்படைக்கு வருடச் செலவு 500 கோடி டாலருக்கு மேல். அதில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் அமெரிக்காவின் தலையில், கிட்டத்தட்ட 24 சதவீதம் சீனாவின் தலையில். இந்தியாவின் பங்கு? வளரும் நாடு என்ற பெரிய தள்ளுபடி போக, சுமார் 0.2 சதவீதம். ரத்தம் கொடுக்கிறவர் ஒருவர், பணம் கொடுக்கிறவர் இன்னொருவர். தண்ணீர்மலைக்குப் போகிற வழியில் தைப்பூசத்துக்குப் பந்தல் போட்டு விடிய விடிய அண்டா கழுவுகிற பையன்களைப் பார்த்திருப்பீர்கள், கமிட்டிக் கூட்டத்தில் அவர்கள் பேச்சு எந்த அளவுக்கு எடுபடும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

கமிட்டி எப்படி நடக்கிறது என்று இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். ஒவ்வொரு பணிக்கும் தீர்மான வரைவை எழுதுவது ஒரு குறிப்பிட்ட நாடு, பெரும்பாலும் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்றில் ஒன்று. காங்கோவும் லெபனானும் பிரான்ஸ் கையில், சைப்ரஸ் பிரிட்டன் கையில், தென் சூடான் அமெரிக்கா கையில். வீரர்கள் எதற்குச் சுடலாம், எதற்குச் சுடக்கூடாது, எத்தனை பேர், எத்தனை மாதம் என்பதெல்லாம் அந்த வரைவில்தான் இருக்கிறது. ஐ.நா. தலைமையகத்தில் அமைதிப்படைத் துறைக்குத் தலைவர் 1997இலிருந்து தொடர்ந்து பிரெஞ்சுக்காரர். மனிதாபிமானத் துறைக்கு 2007இலிருந்து பிரிட்டிஷ்காரர், அரசியல் துறைக்கு அதே 2007இலிருந்து அமெரிக்கர். ஆள் மாறும், பாஸ்போர்ட் மாறாது. ஐ.நா. சாசனம் 44ஆவது பிரிவில், மன்றத்தில் இல்லாத நாட்டிடம் படை கேட்டால் அந்த நாட்டையும் முடிவெடுக்கும் பேச்சில் உட்கார வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. இந்தியத் தூதர்கள் பல வருடமாக அந்தப் பிரிவைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். "ஆலோசனைக் கூட்டம்" என்று ஒன்றைக் கூட்டித் தேநீர் கொடுத்து அனுப்புவார்கள், வரைவு அதற்கு முன்பே முடிந்திருக்கும்.

இப்போது சீனாவையும் இந்தியாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எனக்கு இதில் எப்போதும் ஒரு கசப்பான சிரிப்பு வரும். 1950இல் கொரியப் போர். ஐ.நா. கொடியின் கீழ் நின்ற படைகளோடு நேருக்கு நேர் மோதியது சீனா, 1951 பிப்ரவரியில் பொதுச்சபை சீனாவை ஆக்கிரமிப்பாளர் என்றே தீர்மானம் போட்டது. அதே போரில் இந்தியா 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பிக் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தது, போர் நின்ற பிறகு, ஊருக்குத் திரும்ப மறுத்த கைதிகளை என்ன செய்வது என்ற தலைவேதனையை ஜெனரல் திம்மையா தலைமையில் ஏற்றுக்கொண்டது. இருபது வருடம் கழித்து, 1971இல், பெய்ஜிங் போய் நிரந்தர இடத்தில் உட்கார்ந்தது. திம்மையா 1965இல் சைப்ரஸ் ஐ.நா. படைக்குத் தளபதியாக இருக்கும்போதே இறந்துபோனார்.

உட்கார்ந்த பிறகும் சீனா பத்து வருடம் அமைதிப்படைக்குக் காசு தரவில்லை, ஓட்டெடுப்பிலும் கலந்துகொள்ளவில்லை, 1981இல்தான் முதல் தடவை ஒரு பணிக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது. 1990இல் சில பார்வையாளர்கள், 1992இல் கம்போடியாவுக்குப் பொறியாளர்கள், 2013இல் மாலிக்கு முதல் தடவையாகச் சண்டைப் பிரிவு, 2015இல் தென் சூடானுக்கு முழுக் காலாட்படைப் பட்டாளம். அதே 2015இல் ஷி ஜின்பிங் பொதுச்சபைக்கு வந்து 8,000 பேர் கொண்ட தயார்நிலைப் படை தருகிறேன், பத்து வருடத்தில் 100 கோடி டாலர் தருகிறேன் என்றார். தென் சூடானில் சீன எண்ணெய் நிறுவனத்தின் முதலீடு கொட்டிக் கிடக்கிறது என்பதையும், 2014 மே மாதத் தீர்மானத்தில் எண்ணெய்க் கிணறுகளில் இருக்கும் பொதுமக்களையும் காக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்ந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இன்று சீனாவின் ஆள் கணக்கு இந்தியாவுடையதில் பாதிகூட இல்லை. ஆனால் மற்ற நான்கு வீட்டோ நாடுகளும் சேர்ந்து அனுப்புவதை விட அதிகம், அதோடு செலவில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கும் அதன் பணம். பேனாவும் பணமும் ஆளும் ஒரே கையில். சீனாவின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது, ஆள் எண்ணிக்கையில் இல்லை.

வீட்டோவின் பலம் என்ன என்பதற்கு ஒரு பழைய கதை போதும். 1999 ஜனவரியில் மாசிடோனியாவில் ஐ.நா. படை நல்லபடியாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. சீனா தன் பகுதி என்று சொல்கிற தைவானை அந்த நாடு அங்கீகரித்தது. அடுத்த மாதமே பணி நீட்டிப்பை சீனா வீட்டோ போட்டு மூடிவிட்டது. ஐ.நா. முதல் தடவையாக ஒரு நாட்டில் போர் வருவதற்கு முன்பே போய்க் காவலுக்கு நின்ற பணி அது, போயே போய்விட்டது. நமக்கே பட்ட அனுபவம் வேண்டுமானால் எம்.எச்.17, உக்ரைன் மேலே சுட்டு வீழ்த்தப்பட்ட நம் விமானம். 2014 ஜூலையில் 298 பேர் செத்தார்கள், அதில் 43 பேர் மலேசியர்கள். அடுத்த வருடம் நாம் மன்றத்தில் தற்காலிக உறுப்பினர், விசாரணை மன்றம் அமைக்கும் தீர்மானத்தை நாமே கொண்டு போனோம். 11 நாடுகள் ஆதரவு, மூன்று நாடுகள் நடுநிலை, ரஷ்யா ஒன்று எதிர்ப்பு. முடிந்தது கதை. காங்கோ முதல் லெபனான் வரை நாம் ஆள் அனுப்பிய கணக்கு எதுவும் அன்றைக்குக் கை கொடுக்கவில்லை.

சரி, இந்தியா சிந்தின ரத்தம் வீணா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். காங்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1960இல் பெல்ஜியம் கையைக் கழுவிவிட்டுப் போனதும் நாடு உடைய ஆரம்பித்தது, கட்டாங்கா மாகாணம் பிரிந்து போனது. இந்தியா ஒரு முழுப் பிரிகேடையே அனுப்பியது. 1961 டிசம்பர் 5ஆம் தேதி கட்டாங்காவின் எலிசபெத்வில் நகரில், கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா கையில் இருந்த கொஞ்சம் கூர்க்கா வீரர்களோடு சாலையை அடைத்து நின்ற ஒரு பெரிய கூட்டத்தின் மேல் பாய்ந்து, அங்கேயே செத்தார். ஐ.நா. பணியில் இந்தியாவின் மிக உயரிய போர் வீர விருதான பரம் வீர் சக்ரா வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அதே காங்கோவில் மலாயாவும் இருந்தது, சுதந்திரம் வாங்கி மூன்றே வருடத்தில், 1960 அக்டோபரில், நம் வீரர்கள் போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பலேறினார்கள். அந்தப் படை போயிருக்காவிட்டால் காங்கோ இன்றைக்கு ஒரே நாடாக இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அப்புறம் வந்த காங்கோ அவ்வளவு பெருமைப்படுகிற மாதிரி இல்லை. 2012 நவம்பரில் எம்23 கிளர்ச்சிக்காரர்கள் கோமா நகருக்குள் நடந்து வந்தபோது அந்த மாகாணத்தில் இருந்த ஐ.நா. பிரிகேட் இந்தியாவுடையது. காங்கோ ராணுவமே ஓடிவிட்டது, ஐ.நா. வண்டிகள் ஓரமாக நின்றன. இந்தியத் தரப்பு நியாயம் ஒன்று இருக்கிறது: காங்கோ ராணுவத்துக்குத் துணை நிற்கத்தான் உத்தரவு, அந்த ராணுவமே இல்லாதபோது யாருக்குத் துணை நிற்பது? வீட்டில் பிள்ளைகளைப் பறிகொடுத்த கோமாக்காரனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அடுத்த வருடம் மன்றம் தென்னாப்பிரிக்கா, தான்சானியா, மலாவி வீரர்களை வைத்துத் தாக்குதல் பிரிகேட் ஒன்றை உருவாக்கியது. இந்தியாவுக்கு அது பிடிக்கவில்லை, அமைதிப்படை ஒரு பக்கம் சேர்ந்து சண்டை போட ஆரம்பித்தால் அந்தப் பிரிகேடில் இல்லாத வீரனுக்கும் குறி விழும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அந்த வாதத்தில் பாதிக்கு மேல் சம்மதம். 2025 ஜனவரியில் கோமா மறுபடியும் விழுந்தது. அதற்கு முன்பு அங்கே பணி செய்த இந்திய வீரர்கள் சிலர் மேல் பாலியல் குற்றச்சாட்டும் எழுந்து இந்திய ராணுவமே விசாரணை நடத்த வேண்டியிருந்தது, பெருமை பேசுகிற கூட்டங்களில் இதை யாரும் எடுப்பதில்லை.

நல்ல பக்கமும் சொல்ல வேண்டும். 2000இல் சியரா லியோனில் கைலாஹுன் என்ற ஊரில் இந்திய வீரர்களைக் கிளர்ச்சிக்காரர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டு வைத்திருந்தபோது, ஆயுதத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்ற பேரத்துக்கு இடம் கொடுக்காமல், ஜூலையில் காட்டைக் கிழித்துக்கொண்டு போய் மீட்டு வந்தார்கள். 2007இல் லைபீரியாவுக்கு முழுக்கப் பெண்களே கொண்ட போலீஸ் பிரிவை அனுப்பிய முதல் நாடு இந்தியா. 2022இல் தென் சூடான் படைக்குத் தளபதியாகப் போனவர் லெப்டினன்ட் ஜெனரல் மோகன் சுப்பிரமணியன். மொத்தமாக ஐ.நா. பணியில் செத்த இந்தியர்கள் சுமார் 180 பேர், வேறு எந்த நாட்டையும் விட அதிகம்.

180 என்ற எண்ணைப் படித்ததும் நம் ஆட்களில் பலருக்கு வேறொரு எண் ஞாபகம் வரும், அதைப் பேசாமல் தாண்டிப் போனால் இந்தப் பதில் நேர்மையாக இருக்காது. 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேவும் கையெழுத்துப் போட்டார்கள், இந்திய அமைதிப்படை என்ற பெயரில் படை இலங்கைக்குப் போனது. அதில் ஐ.நா.வுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, நீலத் தொப்பியும் இல்லை. யாழ்ப்பாணத்தில் முதலில் மாலை போட்டார்கள், அக்டோபரில் போர். யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் டாக்டர்கள், தாதிகள், படுக்கையில் கிடந்த நோயாளிகள் என்று அறுபது பேருக்கு மேல் அந்த மாதம் 21, 22ஆம் தேதிகளில் கொல்லப்பட்டார்கள். மூன்று வருடத்துக்குள், 1990 மார்ச்சில் படை கப்பலேறும்போது, கிட்டத்தட்ட 1,200 இந்திய வீரர்கள் செத்திருந்தார்கள். ஐ.நா. கொடியின் கீழ் எழுபது வருடத்தில் செத்தவர்களைப் போல ஆறு மடங்குக்கு மேல். செத்த தமிழர் கணக்கு தனி.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஐ.நா. பணிக்கு அடிப்படை மூன்று: சண்டை போடும் இரு தரப்பின் சம்மதம், ஒரு பக்கம் சாயாமல் நிற்பது, தற்காப்புக்கும் கொடுத்த பொறுப்பைக் காப்பதற்கும் தவிர ஆயுதத்தை எடுக்காமல் இருப்பது. இலங்கையில் மூன்றில் ஒன்றுகூட இந்தியாவால் முடியவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் தமிழ் இயக்கங்களுக்குப் பயிற்சி கொடுத்ததே இந்தியா, பிறகு அதே பிள்ளைகளிடம் ஆயுதத்தைப் பிடுங்கப் போனது, ஒப்பந்தத்தில் புலிகள் கையெழுத்தும் கிடையாது. காங்கோவில் இந்தியாவுக்கு எடுக்கவும் கொடுக்கவும் ஒன்றுமில்லை, அதனால் அங்கே நடுவராக நிற்க முடிந்தது. பக்கத்து வீட்டில் இந்தியா எப்போதும் ஒரு கட்சிக்காரர். வளர்கிற வல்லரசு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும், அண்டை நாட்டுக்குப் போகும்போது சீனாவையும் யாரும் நடுவர் என்று நம்பப் போவதில்லை.

2009ஐப் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும், முள்ளிவாய்க்காலுக்கு ஏன் ஒரு நீலத் தொப்பிகூட வரவில்லை என்று. படை எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்கிற மன்றம் அந்த விஷயத்தைத் தன் முறையான நிகழ்ச்சிநிரலில் எடுக்கவே இல்லை. இலங்கை அரசு சம்மதிக்காது, சீனாவும் ரஷ்யாவும் விடாது, இந்தியா கேட்கவும் இல்லை. அந்த மே மாதக் கடைசியில் மனித உரிமை மன்றத்தில் இலங்கைக்குச் சாதகமான தீர்மானம் 29 ஓட்டில் நிறைவேறியது. அந்த 29இல் இந்தியாவும் உண்டு, மலேசியாவும் உண்டு. இங்கே செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பினாங்கிலும் கூட்டம் போட்டு அழுதவர்களுக்கு அது தெரியும், மறக்கவும் இல்லை.

சரி, நாற்காலிக்கு வருவோம். மன்றத்தைப் பெரிதாக்க வேண்டுமென்றால் சாசனத்தைத் திருத்த வேண்டும், 108ஆவது பிரிவு. 193 நாடுகளில் 129 ஆதரவு வேண்டும், பிறகு அதே அளவு நாடுகள் உள்நாட்டில் ஒப்புதல் கொடுக்க வேண்டும், அதில் ஐந்து வீட்டோ நாடுகளும் கட்டாயம் இருக்க வேண்டும். ஒரே ஒரு தடவைதான் மன்றத்தைப் பெரிதாக்கினார்கள், 1965இல், 11 இடம் 15 ஆனது, அதுவும் தற்காலிக இடங்கள் மட்டும். அதற்குப் பிறகு உருப்படியாக வந்த திட்டங்களில் ஒன்று நம்மூர்க்காரர் போட்டது என்பது பலருக்குத் தெரியாது. டான் ஸ்ரீ ரசாலி இஸ்மாயில், கெடாக்காரர், பொதுச்சபைத் தலைவராக இருந்தபோது 1997 மார்ச்சில் ஒரு வரைவு வைத்தார்: வீட்டோ இல்லாத புதிய நிரந்தர இடம் ஐந்து, அதில் மூன்று ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவுக்கு, கூடவே நான்கு தற்காலிக இடம், மொத்தம் 24. இத்தாலியும் பாகிஸ்தானும் சேர்ந்த கூட்டணி எதிர்த்தது, அணிசேரா நாடுகளுக்குள்ளேயே ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள், திட்டம் அலமாரிக்குப் போய்விட்டது. 2005இல் இந்தியா, ஜப்பான், ஜெர்மனி, பிரேசில் நான்கும் கைகோத்து முயன்று பார்த்தன, ஜப்பானுக்குச் சீனா முட்டுக்கட்டை, இந்தியாவுக்குப் பாகிஸ்தான், பிரேசிலுக்கு மெக்சிகோ. இதில் எந்த எதிர்ப்பும் அமைதிப்படைக் கணக்கைப் பார்த்து வந்ததில்லை, அதனால் அமைதிப்படைக் கணக்கைக் காட்டி அதை உடைக்கவும் முடியாது. ஆள் எண்ணிக்கைதான் தகுதி என்றால் இன்றைக்கு முதல் நாற்காலி நேபாளத்துக்குப் போக வேண்டும்.

இந்தியாவின் அந்தஸ்து எங்கே வேலை செய்கிறது என்று எங்களைக் கேட்டால் செம்பனைத் தோட்டத்தைக் காட்டுவோம். 2019 செப்டம்பரில் துன் மகாதீர் பொதுச்சபையில் காஷ்மீரைப் பற்றிக் கடுமையாகப் பேசினார். அந்த வருடம் நம் செம்பனை எண்ணெயை அதிகம் வாங்கிய நாடு இந்தியா. 2020 ஜனவரியில் சுத்திகரித்த எண்ணெய் இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு போட்டது, புத்ராஜெயா முழுக்கப் பரபரப்பு. லெபனானில் நம் பக்கத்து முகாமில் இந்திய வீரர்கள் எத்தனை வருடம் நின்றார்கள் என்று அப்போது யாரும் கணக்குப் பார்க்கவில்லை, எத்தனை டன் எண்ணெய் என்றுதான் பார்த்தார்கள்.

அப்படியானால் எதற்கு அனுப்ப வேண்டும்? அதிகாரிகளுக்கு இருபது நாட்டு ராணுவத்தோடு வேலை செய்த அனுபவம் கிடைக்கிறது, ஆப்பிரிக்கத் தலைநகரங்களில் கதவு திறக்கிறது, பொதுச்சபையில் ஓட்டு விழுகிறது. தற்காலிக இடத்துக்கு இந்தியா எட்டு தடவை வந்திருக்கிறது என்றால் அதில் இந்த நல்ல பெயருக்கும் பங்குண்டு. உள்ளே வந்தபோது சில காரியம் நடந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தலைமை ஏற்ற மாதத்தில், அமைதிப்படையினரைக் கொல்கிறவர்களைச் சட்டத்தின் முன் நிறுத்தும் 2589ஆவது தீர்மானத்தை இந்தியாவே எழுதி நிறைவேற்றியது. இறந்த வீரர்களுக்கு நியூயார்க்கில் நினைவுச் சுவர் வேண்டும் என்று 2023இல் பொதுச்சபையில் கேட்டு வாங்கியது. படிப்படியாக இப்படித்தான் முடியும்.

மலேசியாவுக்கு என்ன வந்தது என்பதற்கும் இதே பதில்தான், அளவு சின்னது. 1993 அக்டோபரில் சோமாலியாவின் மொகடிஷுவில் மாட்டிக்கொண்ட அமெரிக்க வீரர்களை மீட்கப் போனவை நம் கொண்டோர் கவச வண்டிகளும் பாகிஸ்தான் டாங்கிகளும். அதில் நம் வீரர் மாட் அஸ்னான் அவாங் உயிரை விட்டார். அந்த இரவு பற்றி அமெரிக்கர்கள் சொல்கிற கதையில் நாம் ஓரத்தில்தான் வருவோம், அது கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். ஆனால் போர்ட் டிக்சனில் உள்ள நம் அமைதிப்படைப் பயிற்சி மையத்துக்கு வெளிநாட்டு அதிகாரிகள் படிக்க வருகிறார்கள் என்றால் அதற்கு மொகடிஷுவும் போஸ்னியாவும் ஒரு காரணம்.

இன்னொன்று. லெபனான் படையை மூடப் போகிறார்கள், 2025 ஆகஸ்டில் மன்றம் கடைசி நீட்டிப்பு என்று சொல்லி 2026 டிசம்பர் 31 வரை தேதி குறித்துவிட்டது. அமெரிக்கா அழுத்திய அழுத்தம் அது. வரைவு பிரான்ஸ் எழுதியது. வருடக்கணக்காக அங்கே ஆள் வைத்திருக்கும் இந்தோனேசியா, இந்தியா, நேபாளம், மலேசியா, கானா எதுவும் அன்றைக்கு அந்த மேசையில் இல்லை. அதே வருடம் அக்டோபரில் பணமில்லை என்று எல்லாப் பணிகளிலும் சேர்த்து நான்கில் ஒரு பங்கு வீரர்களைக் குறைக்கப் போவதாகவும் அறிவித்தார்கள். கடன் வைத்திருப்பவர்களில் பெரிய ஆள் அமெரிக்கா. அந்த இடைவெளியில் அதிகப் பணத்தோடு யார் நுழைகிறார்கள் என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன், இந்தியாவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

2028–29 தற்காலிக இடத்துக்கு இந்தியா ஏற்கெனவே விண்ணப்பித்திருக்கிறது. கிடைக்கும் என்றுதான் நினைக்கிறேன். அப்போது நிரந்தர இடம் பற்றிய பேச்சை விட்டுவிட்டு, ஏதாவது ஒரு ஆப்பிரிக்கப் பணிக்காவது வரைவு எழுதுகிற வேலையை இந்தியா கேட்டு வாங்குகிறதா என்று பாருங்கள் தம்பி.